சாக்கு என்றொரு பெயர்

அந்த சலூனில் இரண்டு நாற்காலிகள். ஜன்னலோரம் இருப்பது பெரியவனுடையது. உள்ளே, கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் இருப்பது சின்னவனுடையது. அண்ணன் தம்பி இருவரும் அப்பாவிடம் கத்தரி பிடிக்கக் கற்றவர்கள். அப்பா போன பிறகு கடை பெரியவன் கைக்கு வந்தது. கடையோடு சேர்த்துத் தம்பியும் அவன் பொறுப்புக்கு வந்தான்.

சின்னவனுக்கு அப்பா ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் கடைக்கு வருகிறவர்களுக்கும் தெருவுக்கும் அவன் 'சாக்கு'தான். விவரம் தெரியாத பிள்ளைகள், ஆள் கொஞ்சம் பருமன், மூட்டை கட்டும் சாக்கு மாதிரி இருக்கிறான், அதனால் அந்தப் பெயர் என்று நினைத்துக்கொண்டார்கள். அவர்கள் அப்படி நினைத்ததே தேவலை. உண்மை அதைவிட மோசம்.

விடுமுறை நாளில் பெஞ்சில் இடமில்லாமல் ஆட்கள் வாசலில் நிற்பார்கள். அந்த நேரம் பார்த்துச் சின்னவனுக்கு வயிறு வலிக்கும். பாதி கன்னம் நுரையோடு ஒருத்தர் உட்கார்ந்திருக்க, கத்தியை மடக்கி வைத்துவிட்டு, வலது விலாவுக்குக் கீழே கையை அழுத்திக்கொண்டு பின்னறைக்குப் போய்விடுவான். முகம் வெளுத்து, சட்டை நனைந்து திரும்பி வர நேரமாகும். அதற்குள் பெரியவன் இரண்டு நாற்காலிக்கும் நடுவே பம்பரமாகச் சுற்றியிருப்பான். அப்படி ஒரு நாள், எரிச்சல் தலைக்கேறி, எல்லோரும் கேட்கும்படி சொன்னான்:

"வாங்க சாக்கு, வாங்க! இன்னிக்கு எந்தச் சாக்கு? வயிறா, முதுகா, இல்ல மாமியாருக்கு உடம்பு சரியில்லயா?"

கடையே குலுங்கிச் சிரித்தது. சின்னவனும் சிரித்தான். அவன் அன்றைக்கு முறைத்திருந்தால், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தால், அந்தப் பெயர் அங்கேயே செத்திருக்கும். சிரித்ததால் அது அவனோடு வந்துவிட்டது. மறுநாள் கடைக்கு வந்த முதல் ஆளே, "சாக்கு, எனக்குக் கிருதா கொஞ்சம் குறைச்சு விடுப்பா" என்றார்.

அதன் பிறகு வலி வந்தால் அவன் பின்னறைக்குப் போவதைக் குறைத்துக்கொண்டான். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பான். "என்ன சாக்கு, யோசனை பலமா இருக்கு?" என்று கேட்டால், "எந்தப் பக்கம் வகிடு எடுக்கலாம்னு பாக்கறேன்" என்பான். வலியை ஒளிக்க அவன் அப்படி ஒரு வித்தை பழகிக்கொண்டான், பாவம்.

கண்ணில் மஞ்சள் ஏறியதை முதலில் பார்த்தது கண்ணாடிதான். நாற்காலியில் இருந்த ஒரு பஸ் டிரைவர், கண்ணாடிக்குள் சின்னவனைப் பார்த்து, "ஏம்ப்பா, உன் கண்ணு ரெண்டும் மஞ்சளா இருக்கே?" என்றார்.

"டியூப்லைட்டு பழசாயிடுச்சு, மாத்தணும்" என்றான் பெரியவன், இந்தப் பக்கத்திலிருந்து.

சின்னவனின் மனைவி ஒரு சலவைக் கடையில் துணி தேய்க்கிறவள். அதிகம் பேசமாட்டாள். இரண்டு நாளில் கணவனுக்குக் குளிர் நடுக்கம் எடுத்து, உடம்பெல்லாம் அரிக்கிறது என்று சொறிந்து சொறிந்து ரத்தம் வந்ததும், யாரிடமும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். சொல்லி அனுப்பிய பிறகுதான் பெரியவன் ஓடினான்.

வரிசையில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். நர்ஸ் கதவைத் திறந்து ஒரு பெயரைக் கூப்பிட்டாள். யாரும் எழவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். பெரியவன் கழுத்தைத் திருப்பி, யார் அந்த ஆள் என்று தேடினான். மனைவிதான் சின்னவனின் தோளைத் தொட்டு, "உங்களைத்தாங்க" என்றாள்.

பார்த்தீர்களா, கூடப்பிறந்தவனுக்கே மறந்துபோயிருந்தது.

டாக்டரம்மா நிதானமான மனுஷி. சின்னவனை ஆஸ்பத்திரியில் சேர்த்துச் சோதனையெல்லாம் முடிந்த பிறகு, கட்டிலோரம் வந்து ஒரு காகிதத்தில் ஈரலை வரைந்தார். அதிலிருந்து குடலுக்கு ஒரு குழாய் வரைந்தார். குழாயின் நடுவில் ஒரு உருண்டை போட்டு அதைக் கறுப்பாக்கினார்.

"இது பித்தக்குழாய். ஈரல்லேருந்து பித்தநீர் இது வழியாத்தான் இறங்கணும். இந்தக் கல்லு நடுவுல அடைச்சுக்கிட்டு நிக்குது. வாய் வழியா டியூப் விட்டு எடுக்கப் பார்த்தோம், முடியல. கல்லு பெரிய கோலிகுண்டு கணக்கா இருக்கு, வெளிய வர்ற வழி சின்னது. இழுத்தா குழாயே கிழிஞ்சிடும்."

"அப்ப வயித்தைத் திறந்து எடுக்கணுமா?" என்றாள் மனைவி.

"இதயம் கொஞ்சம் பலவீனமா இருக்கும்மா. பெரிய ஆபரேஷனைத் தாங்காது. அதனால உள்ளயே உடைச்சிடலாம்னு பாக்கறோம்."

"சுத்தியலாலயா?" என்று படுக்கையிலிருந்து கேட்டான் சின்னவன்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "அதிர்வலையால. கத்தியும் இல்ல, கீறலும் இல்ல. ஒரு தண்ணிப் பை மேல உங்களைச் சாய்ச்சுப் படுக்க வைப்போம். மெஷின்லேருந்து அலை தண்ணி வழியா உள்ள போயி, கல்லு மேல மட்டும் குறி வெச்சு விழும். தட்டித் தட்டிக் கல்லு நொறுங்கும். அப்புறம் துண்டு துண்டா எடுத்திடலாம்."

"கல்லு உள்ள இருக்கு. குறி எப்படிம்மா பாப்பீங்க?"

"அதுக்குத்தான் மூக்குல இந்தக் குழாய்." சின்னவனின் மூக்கிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று வந்து, கன்னத்தில் பிளாஸ்திரியால் ஒட்டப்பட்டு, கட்டிலோரம் தொங்கிய பைக்குப் போயிற்று. அதில் பச்சையும் பழுப்புமாகப் பித்தநீர் இறங்கிக்கொண்டிருந்தது. "இதோட மறுமுனை பித்தக்குழாய்க்குள்ள இருக்கு. இது வழியா மருந்து விட்டா எக்ஸ்ரேயில கல்லு தெரியும். இதுதான் எங்களுக்குக் கண்ணு. இது நகர்ந்தா நாங்க குருடு. ஜாக்கிரதையா பாத்துக்கணும்."

எழுந்து போகும்போது திரும்பி, "இது நேத்து முளைச்ச கல்லு இல்லீங்க. வருஷக்கணக்கா வளர்ந்திருக்கு. அப்பப்ப வலி வந்து வந்து போயிருக்குமே, யாரும் கவனிக்கலயா?" என்றார்.

மனைவி பெரியவனைப் பார்த்தாள். பெரியவன் சுவரில் இருந்த, கை கழுவும் முறையைக் காட்டும் படத்தைப் பார்த்தான். அதில் ஆறு கைகள் இருந்தன. ஆறும் சுத்தமாக இருந்தன.

அதிர்வலை கொடுக்கும் நாளுக்கு முந்தின நாள் மத்தியானம். நர்ஸ் கன்னத்து பிளாஸ்திரியை அழுத்தி அழுத்திப் பார்த்து அலுத்துக்கொண்டாள். "தாடி குத்துது, ஒட்டவே மாட்டேங்குது. யாராவது ஒரு ஷேவ் பண்ணிவிட்டா நல்லா இருக்கும்."

பெரியவன் சட்டென்று எழுந்தான். இத்தனை நாளாக ஆஸ்பத்திரிக்கு வருவான், ஸ்டூலில் உட்காருவான், கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்காலில் வைத்துக்கொள்வான். இப்போது கைக்கு ஒரு வேலை கிடைத்தது. கடைக்குப் போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு திரும்பினான். அப்பா காலத்துப் பிரஷ், புதுப் பிளேடு, வெந்நீர், கழுத்தில் போர்த்தும் வெள்ளைத் துணி, எதையும் விடவில்லை.

நர்ஸ் கன்னத்து பிளாஸ்திரியை எடுத்து, குழாயை நெற்றியில் தற்காலிகமாக ஒட்டினாள். "முடிச்சுட்டுக் கூப்பிடுங்க, நானே வந்து திரும்ப ஒட்டறேன். குழாய்ல கை படக்கூடாது, சொல்லிட்டேன்." அதற்குள் அடுத்த வார்டில் மணி அடித்தது. போய்விட்டாள்.

சின்னவனின் மனைவி மருந்து வாங்கப் போயிருந்தாள். அண்ணனும் தம்பியும் மட்டும். துணியைப் போர்த்தி, பின்பக்கம் முடிந்து, நுரை போட்டான் பெரியவன். தம்பியின் கன்னத்தை இவ்வளவு பக்கத்தில் அவன் பார்த்து எத்தனை காலம்! கண்ணுக்குக் கீழே பள்ளம் விழுந்திருந்தது. தோல் மஞ்சளாகக் காய்ந்து கிடந்தது.

"டேய்... அப்பல்லாம் உனக்கு நெஜமாவே வலிச்சுதாடா?"

"பேச வைக்காதேண்ணே. உதடு அசைஞ்சா வெட்டிடுவே."

"நான் என்னிக்குடா வெட்டியிருக்கேன்?"

"பொண்ணு பாக்கப் போக இருந்த ஸ்கூல் வாத்தியாருக்குக் காதுல வெச்சியே ஒரு கோடு. பாவம், அந்தப் பொண்ணு வேணாம்னுடுச்சு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு வந்ததும் கேள்வி அப்படியே அமுங்கிப்போயிற்று. பெரியவன் அதைத் திரும்பக் கேட்கவில்லை. குழாய்க்குப் பக்கத்தில் வந்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டு, பிளேடை நூல் நூலாக நகர்த்தினான். ஒரு முடி விடவில்லை, ஒரு கீறல் விழவில்லை. ஈரத் துண்டால் துடைத்து, தாடையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான். பரம திருப்தி.

முடி வெட்டுகிறவர்களின் கையை நீங்கள் கவனித்திருப்பீர்கள். வேலை முடிந்தது என்பதை அவர்கள் வாயால் சொல்வதில்லை. கழுத்து முடிச்சை அவிழ்த்து, துணியை ஒரே வீச்சில் உருவி, காற்றில் 'படார்' என்று உதறுவார்கள். அதைக் கேட்டதும் உட்கார்ந்திருப்பவர் எழுந்துவிடுவார். ஆயிரமாயிரம் தடவை உதறிய கை அது. யோசித்துச் செய்கிற காரியமில்லை.

உதறினான்.

நெற்றியிலிருந்து பைக்குப் போகும் குழாய் துணிக்கு அடியில் ஓடியது. துணியோடு அதுவும் வந்தது. நெற்றி பிளாஸ்திரி பிய்ந்தது. சின்னவன் இருமி, ஓங்கரித்து, கண்ணில் நீர் தளும்ப எழுந்து உட்கார்ந்தான். மூக்கிலிருந்து ஒரு சாண் குழாய் கூடுதலாக வெளியே தொங்கியது.

பெரியவன் துணியைக் கட்டிலில் போட்டுவிட்டுக் கதவுப் பக்கம் திரும்பினான்.

"நர்ஸைக் கூப்பிடறேன்டா..."

"வேணாண்ணே. கத்துவாங்க. ஆளுங்க முன்னாடி உன்னைத் திட்டுவாங்க." சின்னவன் தொங்கின குழாயைச் சுருட்டிக் காதுக்குப் பின்னால் செருகினான். "முழுசா வரல, உள்ளதான் இருக்கு. பிளாஸ்திரியை ஒட்டு, சீக்கிரம்."

ஆட்கள் முன்னால் திட்டு வாங்குவது எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். அதனால்தான் சொன்னான். பெரியவனுக்கு அது அப்போது உறைக்கவில்லை. அவன் ஒட்டினான்.

நர்ஸ் அவசரமாக எட்டிப் பார்த்து, பிளாஸ்திரி ஒட்டியிருப்பதைக் கண்டு, "அட! மாப்பிள்ளை கெட்டாரு போங்க" என்றாள். பெரியவன் பல்லைக் காட்டினான். அந்தச் சிரிப்பை நினைத்துப் பின்னால் அவன் எத்தனையோ முறை கூசிப்போனான்.

மறுநாள் காலையில் பை காலியாக இருந்தது. அதிர்வலை அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். பெரியவனும் சின்னவனின் மனைவியும் வெளியே நின்றார்கள். உள்ளேயிருந்து சத்தம் வரும் என்று சொல்லியிருந்தார்கள். ஒரு சத்தமும் வரவில்லை. கதவு திறந்து டாக்டரம்மா மட்டும் வந்தார். முகத்தில் அந்த நிதானம் இல்லை.

"குழாயோட முனை இரைப்பையில சுருண்டு கிடக்கு. மருந்து விட்டா கல்லு இருக்கிற பக்கமே போகல. யாரு இழுத்தது?"

தள்ளுகட்டில் வெளியே வந்தது. சின்னவன் படுத்தபடியே சொன்னான்: "நான்தாங்கம்மா. தூக்கத்துல இழுத்துட்டேன் போல."

வாழ்நாளில் அவன் சொன்ன முதல் சாக்கு அதுதான்.

"தூக்கத்துல இழுக்கிறவருக்கு நான் எப்படித் திரும்பக் குழாய் வைக்கிறது?" என்றார் டாக்டரம்மா. "ஒவ்வொரு தடவையும் மயக்கம் கொடுக்கணும், வாய் வழியா உள்ள போகணும். இவரு இதயத்துக்கு அதுவே பாரம். நாளைக்கும் இழுத்தா? சர்ஜன்கிட்டதான் பேசணும். வேற வழி தெரியல."

"ஆபரேஷன் தாங்காதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" மனைவியின் குரல் கிழிந்தது.

"தாங்காதுதாம்மா. அதான் யோசிக்கிறேன்."

பெரியவன் அங்கேதான் நின்றான். ஒரே ஒரு வாக்கியம் போதும். நான்தான் இழுத்தேன், அவன் இல்லை. வாயில் இருந்தது, வெளியே வரவில்லை. தம்பி பெண்டாட்டி முன்னால், நர்ஸ் முன்னால், கட்டில் தள்ளுகிறவன் முன்னால் எப்படிச் சொல்வது என்று தள்ளிப்போட்டான். அப்புறம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று கீழே போய் டீ வாங்கினான். டீ ஆறிப்போகும்வரை கையில் வைத்திருந்துவிட்டுக் கீழே ஊற்றினான்.

மேலே வந்தபோது சின்னவனுக்குக் கட்டில் ஆடும்படி நடுக்கம். தேங்கின பித்தநீர் உள்ளே கெட்டு, காய்ச்சல் பொத்துக்கொண்டு வந்திருந்தது. மனைவி இரண்டு கம்பளிகளை மேலே போட்டு, அதற்கும் மேலே தன் கைகளைப் போட்டு அழுத்திக்கொண்டிருந்தாள்.

"மாமா," என்றாள், திரும்பாமல். "இவரு தூங்கினா கட்டை மாதிரிக் கிடப்பாரு. ஒரு நாளும் கை காலை ஆட்டினதில்ல. எப்படி மாமா இழுத்திருப்பாரு?"

அதற்கு மேல் அவனால் நிற்க முடியவில்லை. டாக்டரம்மாவின் அறைக் கதவைத் தட்டாமலே திறந்தான். உள்ளே வேறு நோயாளிகள் இருந்தார்கள். இருந்துவிட்டுப் போகட்டும்.

"அம்மா, அவன் இழுக்கல. நான்தான் துணியை உதறினேன். கடையில உதறுற மாதிரி உதறிட்டேன். என்னைக் காப்பாத்தறதுக்காக அவன் பொய் சொல்றான். அவனுக்குக் குழாய் வைங்கம்மா. அவன் தொட மாட்டான். நான் அந்தப் பக்கமே வர மாட்டேன்."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். கத்தவில்லை. "இதை நேத்தே சொல்லியிருந்தா நேத்தே திரும்ப வெச்சிருப்பேன். இன்னிக்குக் கல்லு பாதி உடைஞ்சிருக்கும். இந்தக் காய்ச்சல் வந்திருக்காது" என்றார். அதைக் கத்திச் சொல்லியிருக்கலாம், அவனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அன்றைக்கே குழாய் வைத்தார்கள். ஆனால் காய்ச்சல் உடனே இறங்கவில்லை. சின்னவன் சில நாள் ஆளே அடையாளம் தெரியாமல் கிடந்தான். ஒரு சமயம் மூச்சுக்கு ஆக்சிஜன் வைக்க வேண்டியிருந்தது. சொன்னபடி பெரியவன் அறைக்குள் போகவில்லை. கதவின் சின்னக் கண்ணாடி வழியாகப் பார்ப்பான், போவான், வருவான்.

ஒருவழியாகக் காய்ச்சல் விட்டு ரத்தம் தெளிந்ததும் அதிர்வலை கொடுத்தார்கள். இந்த முறை வெளியே சத்தம் கேட்டது. யாரோ விரல் முட்டியால் மேசையைத் தட்டுவதுபோல டக், டக், டக் என்று, அவசரமில்லாமல், நெடுநேரம். ஒரு தடவையில் விரிசல்தான் விட்டது. இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை என்று தட்டி நொறுக்கினார்கள். பிறகு வாய் வழியாகப் போய்த் துண்டுகளை வாரி எடுத்தார்கள். நர்ஸ் ஒரு சின்னக் குப்பியில் போட்டுக் காட்டினாள். காய்ந்த மண்ணாங்கட்டியை விரலால் பொடித்தது மாதிரி இருந்தது. அவ்வளவுதான் அது. பெரியவன் குப்பியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

கல் போயிற்று, மஞ்சள் போயிற்று, வலியும் போயிற்று. ஆனால் அந்தக் காய்ச்சல் இதயத்தை இன்னும் கொஞ்சம் தின்றுவிட்டிருந்தது. நாள் முழுக்க நின்று வேலை செய்யக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் மனைவி துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். பெரியவன் அன்றுதான் கட்டிலோரம் வந்து உட்கார்ந்தான்.

"உன் நாற்காலி அப்படியே இருக்கும்டா. நான் யாரையும் போடல."

"போடுண்ணே. வேற ஆளைப் பாத்துப் போடு."

"நிக்கத்தானே கூடாது? உயரமா ஒரு ஸ்டூல் செஞ்சு தரேன். உக்காந்து வெட்டு."

"நான் ஸ்டூல்ல உக்காந்து வெட்டினா என்ன சொல்லுவாங்க தெரியுமா?"

"நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்டா. சத்தியமா."

"நீ சொல்ல மாட்டே. கடை சொல்லுமே."

பெரியவன் தன் கையைப் பார்த்துக்கொண்டான். "அந்தப் பேரு... நான்தான்டா..."

"தெரியும்ண்ணே."

"வேணும்னு வெக்கல."

"அதுவும் தெரியும். வேணும்னு வெச்சிருந்தா அன்னிக்கே சண்டை போட்டிருப்பேன்." சின்னவன் செருப்பை மாட்டிக்கொண்டான். "சலவைக் கடையில உக்காந்து மடிக்கிற வேலை இருக்காம். இவ கேட்டு வெச்சிருக்கா. பக்கத்துல இருந்தா இவளுக்கும் நிம்மதி. விடு, வருத்தப்படாதே."

மனைவி பையைத் தூக்கினாள். "வரோம் மாமா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து பெரியவன் ஒரு காரியம் செய்தான். நாற்காலியில் உட்காருகிற ஒவ்வொருவரிடமும் சொன்னான். "அவனுக்கு நெஜமாவே வலிங்க. இத்தனை பெரிய கல்லு." கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்துக் காட்டுவான். "நான்தான் நம்பல. சாக்கு சொல்றான்னு சொன்னேன்." யாரும் கேட்காமலே சொன்னான், வெட்கத்தை விட்டுச் சொன்னான். தான் ஒட்டின பெயரைத் தானே உரித்து எடுத்துவிட வேண்டும் என்று அவனுக்கு ஒரு வெறி.

வந்தவர்கள் ஆர்வமாகத்தான் கேட்டார்கள். "அலையாலயா உடைச்சாங்க? தோலு கிழியலயா? சத்தம் எப்படி வந்துச்சு?" என்று துருவித் துருவிக் கேட்டார்கள். நான் நம்பவில்லை என்று அவன் சொல்கிற இடத்தில் மட்டும், "சரி விடுப்பா, மெஷினைச் சொல்லு" என்றார்கள். கதை கடையிலிருந்து தெருவுக்குப் போனது, தெருவிலிருந்து பஸ் நிலையம் வரைக்கும் போனது.

கொஞ்ச நாள் கழித்து அந்த பஸ் டிரைவர் வந்தார். பெஞ்சு நிறைய ஆட்கள். நாற்காலியில் உட்கார்ந்து, கழுத்தை நீட்டி, கண்ணாடியில் பெரியவனைப் பார்த்து, "என்னய்யா, கல்லு எப்படி இருக்கு?" என்றார்.

"கல்லு போயிடுச்சுங்க. நொறுக்கி எடுத்தாச்சு. இப்ப சுத்தமா ஒண்ணும் இல்ல."

"அட, அந்தக் கல்லைக் கேக்கலய்யா. உன் தம்பி கல்லு! சலவைக் கடையில உக்காந்திருக்கானே, அவனைக் கேக்கறேன். சாக்கு போயி கல்லு வந்தாச்சே, தெரியாதா உனக்கு?"

பெஞ்சு முழுக்கச் சிரித்தது.

"அது அவன் பேரு இல்லீங்க" என்றான் பெரியவன். அப்பா வைத்த பெயரைச் சொன்னான். சிரிப்பில் அது யார் காதிலும் விழவில்லை. இன்னொரு தடவை உரக்கச் சொல்ல வாயைத் திறந்தான். இதையும் சொன்னால் இதிலிருந்து இன்னொரு பெயர் முளைக்குமோ என்று பயமாக இருந்தது. தண்ணீர் பாட்டிலை எடுத்து டிரைவரின் தலையில் பீச்சினான்.

"கொஞ்சம் குனிஞ்சுக்குங்க" என்றான்.